சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு

மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்த என் கணவர், தான் இனித் திரும்பி வரப்போவதில்லை என்று தொலைபேசியில் சொன்னது ஒரு திங்கட்கிழமை. மூன்று நாள் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகம் போனேன், வந்தேன். அண்ணன் வீட்டில் எனக்கென்று ஒரு கட்டில் இருந்தது. அதில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்க வேண்டியிருந்ததால் லாத்தாவின் கடைக்குப் போனேன்.

லாத்தா என்றால் அக்கா. பர்மாவில் எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் இந்துவாக இருந்தாலும் அவளை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. நகரின் நடுவே கியாக்டடாவில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் அவர்களுடைய கடை இருந்தது. காகிதம், பேனா, கோப்பு, முத்திரை எல்லாம் அங்கேதான் வாங்குவோம். அவளுடைய தம்பி உள்ளே முத்திரை செய்வார், இவள் முன்னால் நின்று வியாபாரம் பார்ப்பாள். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எப்போதும் முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடு, கன்னத்தில் லேசாகத் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு.

ஸ்டாம்புக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். அதில் எங்கள் அலுவலகத்தின் பெயரையே தப்பாக எழுதியிருந்தேன்.

"என்ன புள்ளே ஆச்சு உனக்கு?" என்றாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. சொன்னேன். அவள் தாளை வாங்கித் தப்பை அடித்துத் திருத்தினாள். பிறகு கேட்டாள்: "நாளன்னைக்கு சாயங்காலம் என்ன செய்றே?"

"ஒண்ணும் இல்ல."

"தட்டையான செருப்பு போட்டுக்கிட்டு வா. ஒரு எடத்துக்குப் போவோம்."

"எங்க லாத்தா?"

"கம்ப்யூட்டர் கிளாசுக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அன்றைக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டாக்சி பிடித்து க்யிம்யிண்டைங்குக்குப் போனோம். படகுத்துறைக்குப் போகிற தெருவில், கீழே உரமூட்டைக் கடை, அதற்கு மேல் யாருமில்லாத இரண்டு மாடிகள், அதற்கும் மேல் ஒரு சாப்பாட்டுக் கடை. லிஃப்ட் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது. படியில்தான் ஏற வேண்டும். லாத்தா ஒவ்வொரு வளைவிலும் நின்று எனக்கு ஏதாவது கதை சொன்னாள். முதல் வளைவில் தன் தம்பி ஒரு போலீஸ்காரருக்கு முத்திரையைத் தலைகீழாகச் செய்து கொடுத்த கதை. இரண்டாவதில், பள்ளிக்கூடத்தில் அவள் மணியடித்துவிட்டு ஓடிய கதை. நல்ல கதைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மேலே போனதும் குளியலறைக்குள் போய் முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த தமேன் கைலியை மாற்றிக்கொண்டு தொளதொளவென்ற கால்சட்டையோடு வெளியே வந்தாள். முழுக்கைச் சட்டையை மட்டும் மாற்றவில்லை.

அதற்குள் பாட்டு தொடங்கியிருந்தது.

லத்தீன் இரவு என்று சுவரில் பர்மிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரடங்கு வந்த பிறகு ஊரில் இப்படிப்பட்ட கூத்துகளெல்லாம் பகலுக்கு நகர்ந்துவிட்டன. இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் ஜன்னல்களில் நீலத் தார்ப்பாயைக் கட்டி உள்ளே இரவைச் செய்துவைத்திருந்தார்கள். தார்ப்பாயில் இருந்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கீழே ஜெனரேட்டர் அலறியது. அந்தச் சத்தத்தையும் தாண்டி ஒலிபெருக்கியில் ரெகேட்டோன் இடித்தது. அந்தப் பெயர்கூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருகிற கனமான தாளம். அதன் மேல் ஒரு ஆண் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோலப் பாடினான்.

இருபது, இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். முன்பு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்களாம். அவர்கள்தான் இதைத் தொடங்கி வைத்தார்களாம். நான் போனபோது எல்லோரும் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்கள், ஒரு பல் மருத்துவர், ஒரு வங்கி ஊழியர், லைங் தாயாத் தொழிற்பேட்டையில் துணி வெட்டுகிற ஒரு இளைஞன். அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று மெஷினில் துணியை வெட்டுவான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி வருவான். அந்தக் கூட்டத்தில் அவனைப்போல ஆடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எல்லாம் தொலைபேசியில் பார்த்துக் கற்றது. ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தைகூட அங்கே யாருக்கும் தெரியாது. அவன்தான் பாட்டுக்கு அர்த்தம் சொல்வான். "இப்ப என்ன பாடுறான் தெரியுமா? 'மேஸ்திரி, எனக்கு லீவு குடு, மேஸ்திரி, எனக்கு லீவு குடு'ன்னு கெஞ்சுறான்" என்று பர்மிய மொழியில் சொல்வான். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு வருடமாகவே அங்கே வந்துகொண்டிருந்த லாத்தாவை எல்லோரும் மமா என்றுதான் கூப்பிட்டார்கள். பர்மிய மொழியில் அதுவும் அக்காதான். அவளுடைய பெயர், கடை, வீடு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவளும் யாரையும் கேட்கவில்லை.

நான் சுவரோரம் நின்றேன்.

"இடுப்ப பத்தி யோசிக்காதே" என்றாள் லாத்தா, காதுக்குள். "தரையில கரப்பான்பூச்சி ஓடுது. அத மிதி. இந்தக் காலு, அந்தக் காலு. இடுப்பு தானா வரும்."

மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டேதான் மிதித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே அதையே செய்தாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் ஆறு நாளுக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், ஏதாவது ஒரு தடை வந்தாலொழிய, நாங்கள் எந்தச் சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. திரும்பிவரும்போது டாக்சியில் அவள் மறுபடி தமேனும் முக்காடுமாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுல என்னன்னு சொல்லிட்டு வர்றீங்க லாத்தா?"

"கம்ப்யூட்டர் கிளாசுன்னு. கடைக் கணக்கு எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்ல போடணும்ல."

"நம்புறாங்களா?"

"உம்மா ஒண்ணும் கேக்கறதில்ல."

அவளுடைய அம்மாவை அப்போது நான் பார்த்ததுகூட இல்லை. கடைக்கு மேலேயே வீடு. ஆனாலும் அவர்கள் கீழே வருவதில்லை.

நான் லாத்தாவிடம் அதிகம் கேட்டதில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது. என்னைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டது, அண்ணி என் கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷின் வைக்க வேண்டும் என்று சொன்னது, எல்லாம். அவள் கேட்டுக்கொள்வாள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை போய் ஜன்னலோரம் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு நிற்பாள். "ஆத்தைப் பாக்குறேன்" என்பாள். ஆறு அங்கிருந்து ஒரு கீற்றுபோலத் தெரியும். நான் அவளை அங்கே நிற்க விடமாட்டேன். "வாங்க லாத்தா, நல்ல பாட்டு போகுது" என்று கையைப் பிடித்து இழுப்பேன். வருவாள்.

கட்டாயமாகப் படையில் ஆள் சேர்க்கும் சட்டம் வந்த வருடம் கூட்டம் பாதியாகக் குறைந்தது. முதலில் போனது துணி வெட்டும் இளைஞன். ஒரு சனிக்கிழமை வந்து வழக்கம்போல ஆடினான், சிரித்தான், எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பத்து நாள் கழித்துத் தாய்லாந்து எல்லையில் மே சொட்டிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். பத்திரமாக இருக்கிறேன், மமாவிடம் சொல்லுங்கள் என்று. லாத்தா அதை இரண்டு முறை வாசித்தாள்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

"சொன்னா நமக்கும் ஆபத்துன்னு நெனச்சிருப்பான்."

"அதுவும் சரிதான்."

ஆண்கள் குறைந்த பிறகு பெண்களோடு பெண்கள் ஆடினோம். லாத்தா ஆண்பக்கம் நின்று என்னைச் சுழற்றிவிடக் கற்றுக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பாட்டு போட வேறு ஆள் வந்தான். அவனிடம் பாட்டு குறைவு, போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டான். அதுவும் போதும் என்றுதான் இருந்தது. வாரம் முழுக்க நான் கப்பல் பெயர்களையும் பெட்டி எண்களையும் எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

அந்த மழைக்காலத்தில் லாத்தா இரண்டு சனிக்கிழமை வரவில்லை. சரக்கு வருகிறது, ஆள் இல்லை என்றாள். மூன்றாவது வாரமும் தொலைபேசியில், "ஒடம்பு அசதியா இருக்கு புள்ளே, நீ போயிட்டு வா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க வரலேன்னா நான் எதுக்குப் போறது? தனியாப் போயி சுவரப் பாக்கவா? அத நான் வீட்டுலேயே செய்வேன்" என்றேன்.

"சரி, வர்றேன்" என்றாள்.

வந்தாள். டாக்சியில் பேசவில்லை. படியில் முதல் வளைவில் கதை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வளைவில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ மேல போ. நான் பின்னாடி வர்றேன்."

"என்ன லாத்தா?"

"ஒண்ணுமில்ல. செருப்பு நனைஞ்சிருச்சு, காயட்டும். போ."

நான் போனேன். கோபம் இன்னும் இருந்தது. வந்ததே எனக்காகத்தான், அதையும் இப்படிச் செய்கிறாளே என்று நினைத்தேன். மேலே போய் அழகு நிலையப் பெண்களோடு இரண்டு பாட்டுக்கு ஆடினேன். மூன்றாவது பாட்டு முடியும் நேரத்தில்தான் அவள் கதவருகே வந்து நின்றாள். அன்றைக்கு அவள் உடை மாற்றவில்லை, முக்காடும் எடுக்கவில்லை. ஒரே ஒரு பாட்டுக்கு என்னோடு ஆடினாள். ரெகேட்டோன் இல்லை, பச்சாத்தா என்று சொல்வார்கள், அதைவிட மெதுவானது. நெற்றி என் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. பாட்டு முடிந்ததும், "போகலாமா?" என்றாள். நேரம் நிறைய இருந்தும் கிளம்பினோம். கடை வாசலில் இறங்கும்போது, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகத்துக்குக் காகிதம் வாங்கப் போனேன். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. தொழுகைக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று நின்றேன். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் வெளியே வந்தார். பர்மியர், வயதானவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தம்மா விடியக்காலையில போயிட்டாங்க. ராத்திரி மூச்சு விட முடியலேன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. தொழுகை முடிஞ்சதும் அடக்கம் செஞ்சாச்சு."

எந்த அம்மா என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் லாத்தாவின் தம்பி வந்தார். கண் வீங்கியிருந்தது. என்னை ஒரு வாடிக்கையாளராக மட்டும்தான் அவருக்குத் தெரியும். "கடை மூணு நாளைக்கு இல்லம்மா" என்றார். நான் தலையாட்டிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிப் போனேன். காகிதம் எங்கே என்று கேட்டார்கள். கடை இல்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மணி வரை வேலை செய்தேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

சனிக்கிழமை க்யிம்யிண்டைங்குக்குத் தனியாகப் போனேன். அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டுமே. அவள் பெயரைச் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை. மமா என்றேன். பாட்டை நிறுத்தினார்கள். கீழே ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. பல் மருத்துவர், "முஸ்லிமா அவங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மூன்று வருடமாக அருகில் நின்று ஆடியவர். அன்று யாரும் ஆடவில்லை. தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மே சொட்டுக்கும் எழுதினேன். அந்த இளைஞன் குரல்பதிவாகப் பதில் அனுப்பினான். பாதிக்கு மேல் அழுகைதான். கூடவே ஒரு காணொளியும் அனுப்பினான். ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை யாரிடமோ கொடுத்து எடுக்கச் சொன்னது. அவனும் லாத்தாவும் ஆடுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. லாத்தா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவனை விரட்டுகிறாள். நான் அதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்தாளே என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே ஆறுதல்.

நாற்பது நாள் கழிந்த பிறகு தம்பி என் அலுவலகத்துக்கே வந்தார். "உம்மா உங்களப் பாக்கணும்கறாங்க" என்றார். அவருக்கும் காரணம் தெரியவில்லை.

கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நான் உள்ளே போனபோது லாத்தாவின் அம்மா, எனக்கு மாமி, தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. தேநீரும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் எனக்காக முன்பே வைத்திருந்தார்கள். தம்பி கீழே போகும்வரை பார்த்திருந்துவிட்டு மாமி கேட்டார்கள்.

"டாக்சியில அவகூட வந்து எறங்குறத ஜன்னல்ல பாத்திருக்கேன். நீதானே அவகூடக் கம்ப்யூட்டர் படிச்ச புள்ளே?"

"ஆமா மாமி" என்றேன். வேறென்ன சொல்ல.

"என்னா படிச்சீங்க?"

"கணக்கு போடுறது... டைப் அடிக்கிறது..."

மாமி என்னையே பார்த்தார்கள். கோபம் இல்லை. "நாலு வருஷமா ஒரு ஆளு கம்ப்யூட்டர் படிக்குமா? இந்தக் கடையில இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்ப்யூட்டர் இல்ல. நான் வாசல் தாண்டாதவதான். முட்டாளில்ல."

தலை குனிந்தேன்.

"எங்க போனீங்க? சொல்லு. நான் மவனுக்குச் சொல்ல மாட்டேன். பெத்தவ கேக்குறேன்."

சொன்னேன். க்யிம்யிண்டைங், மேல்மாடி, பாட்டு, ஆட்டம், எல்லாம். ஆட்டம் என்ற சொல்லைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. மாமி திட்டுவார்கள், என்னை எழுந்து போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் கேட்டது வேறு.

"மேல்மாடியா? எத்தன மாடி?"

"மூணு மாடி ஏறணும்."

"மூணு மாடி" என்றார்கள். கையைத் தரையில் ஊன்றி எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரித் தாள்கள். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அதில் லாத்தாவின் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. கடைசி இரண்டு வருடத்தில் மோசமாகியிருந்தது. மெட்ராசுக்குக் கூட்டிப் போய் அறுவை செய்ய வேண்டும் என்று இங்கே டாக்டர் சொல்லியிருந்தார். "மழ முடியட்டும் முடியட்டும்னு ரெண்டு மழ போச்சு" என்றார்கள் மாமி. "படி ஏறாதே, கனம் தூக்காதேன்னு டாக்டர் சொன்னாரு. இந்த வீட்டுப் படிய அவ எப்படி ஏறுவா தெரியுமா? நாலு படிக்கு ஒரு தடவ நிப்பா. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது மாமி. சத்தியமா எனக்குத் தெரியாது."

தொலைபேசியில் அவளை நான் அதட்டியது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த வீட்டை விட்டு இறங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வர முடியாது என்றவளை நான்தான் வரவைத்தேன், படியில் உட்கார்ந்தவளை விட்டுவிட்டு மேலே போனேன், ஆறாம் நாள் அவள் போய்விட்டாள் என்று சொன்னேன்.

மாமி நெடுநேரம் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவ ஒடம்பு அவளுக்குத் தெரியும்" என்றார்கள் கடைசியில். "அவ எங்கேயோ போறான்னு எனக்கும் தெரியும். நானும் தடுக்கல. சனிக்கிழம மட்டும் வீட்டுக்கு வந்து ரெண்டாவது தடவ சோறு கேப்பா. மத்த நாளு ஒரு புடி தின்ன வைக்க நான் கெஞ்சணும். அதனால தடுக்கல. நீ உன்ன மட்டும் சொல்லிக்காதே."

பிறகு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார்கள்: "அங்க... அவளுக்கு யாராச்சும் இருந்தாங்களா?"

நான் அவசரமாக, "இல்ல மாமி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாரோடயும் ஆடுவாங்க. ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

மாமியின் முகம் வாடிப்போனது. அப்போதுதான் புரிந்தது, அவர்கள் பயந்து கேட்கவில்லை என்று.

"ஒருத்தருமே இல்லையா?"

"இல்ல மாமி."

"யாராச்சும் இருந்திருக்கலாம்" என்றார்கள். "அவ வாப்பா போனப்புறம் கடையப் பாத்துக்கிட்டு, என்னப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னுட்டா. நான் நெனச்சிருந்தேன், சனிக்கிழம யாரையோ பாக்கத்தான் போறான்னு. எந்த ஜாதியா இருந்தாலும் ஒருநாள் வந்து சொல்லுவா, நான் கொஞ்சம் கத்திட்டு அப்புறம் சரின்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஒரு கணம், அந்தத் துணி வெட்டும் இளைஞனைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு சின்னப் பொய். ஆனால் அவன் அவளுக்குத் தம்பிபோலத்தான் இருந்தான். இறந்துபோனவள்மேல் ஒரு பொய்யைச் சுமத்த வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுத்தேன்.

"பாக்குறீங்களா மாமி? அவங்க ஆடுறது."

"பாட்டு கேக்க வேணாம். பக்கத்து வீட்டுல ஓதுறாங்க."

சத்தத்தை அடக்கிக் கொடுத்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்கள். முடிந்ததும், "திரும்பப் போடு" என்றார்கள். மூன்றாம் முறை பார்க்கும்போது திரையில் விரலை வைத்தார்கள்.

"மூச்சு வாங்குது பாரு."

"சிரிக்கிறாங்க மாமி."

"இல்லடி. நெஞ்சப் பாரு, எப்படி ஏறி எறங்குது. செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு. அந்தப் பையன போ போங்கறா. சிரிக்கிற மாதிரி காட்டிக்கிட்டு மூச்சு இழுக்குறா. சின்னதுல இருந்து அவ அப்படித்தான்."

குனிந்து பார்த்தேன். நூறு முறை பார்த்த காணொளி. சத்தம் இல்லாமல் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். மாமி சொன்னது சரியாக இருந்தது. அதே சமயம் அவள் சிரிக்கவும் செய்தாள். அதை மாமியிடம் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். தேநீர் ஆறிப்போயிருந்தது. மாமி அதை எடுத்துப் போய்ச் சூடு செய்துகொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் க்யிம்யிண்டைங்குக்குப் போகவில்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையையும் நான்கு மாதத்தில் மூடிவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை என்றார்கள். இப்போது அங்கே உரமூட்டைகள் அடுக்கியிருக்கிறார்களாம். அழகு நிலையப் பெண்கள் வேறெங்கோ ஆடுகிறார்கள் என்று கேள்வி. என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. சனிக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் துணி துவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் மாமியைப் பார்க்கப் போவேன். முதல் சில வாரம் காணொளியைக் கேட்டார்கள். பிறகு, "போதும், இனிமே காட்டாதே" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு லாத்தாவைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு வருவதில்லை. சாப்பாடு போடுவார்கள். எனக்காகவே மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழிக்குழம்பு வைத்திருப்பார்கள். தம்பிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குத் துணையாக யாரோ வருகிறார்கள் என்ற அளவில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார்.

ஒரு நாள் நான் படியேறி வந்து மூச்சு வாங்கியதை மாமி கவனித்துவிட்டார்கள். வெயிலில் நடந்து வந்திருந்தேன், அவ்வளவுதான்.

"நீ ஒரு தடவ டாக்டர்ட்ட நெஞ்சக் காட்டிரு" என்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமி."

"அவளும் அப்படித்தான் சொன்னா. காட்டிட்டு வா. காட்டாம இந்த வீட்டுக்கு வராதே."

இரண்டு வாரம் சமாளித்துப் பார்த்தேன். விடவில்லை. கடைசியில் ஒரு கிளினிக்குக்குப் போய் நெஞ்சு ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். தாளை வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்கள்.

"வாசி."

வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் சொன்னேன். இதயத்தின் அளவு சரி. வால்வுகள் சரி. துடிப்பு சரி.

"வால்வு சரியா இருக்குன்னா போட்டிருக்கு?"

"ஆமா மாமி."

"இன்னொரு தடவ அந்த வரிய வாசி."

வாசித்தேன். மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து சோறு போடப் போனார்கள்.